முன் அச்சில் நாற்பது கிலோ

அந்த எடை நிலையத்துக்கு லாரிக்காரர்கள் மத்தியில் கெட்ட பெயர் உண்டு. அங்கே யாரும் கை நீட்டுவதில்லை. கை நீட்டுகிற இடமென்றால் அதில் எதையாவது வைத்துவிட்டு ஊர் போய்ச் சேரலாம். இங்கே சட்டப்படி நடத்திவிடுவார்கள். அப்படிச் சட்டப்படி நடத்தப்பட்ட நாற்பத்தோரு லாரிகள் நிலையத்தின் பின்பக்கத் திடலில் வரிசையாக நின்றன. சிலவற்றின் சக்கரத்தடியில் புல் முளைத்திருந்தது.

நாற்பத்திரண்டாவதாகப் போய் நின்றவர் நிதானம். பெற்றவர்கள் வைத்த பெயர் உரிமத்தில் இருக்கிறது. இந்தப் பெயர் சக லாரிக்காரர்கள் வைத்தது. வளைவு வந்தால் நிதானிப்பார், பாலம் வந்தால் நிதானிப்பார், யாராவது கேள்வி கேட்டால் பதிலுக்கு முன் இரண்டு தடவை நிதானிப்பார். பதினெட்டு வருடமாக ட்ரெய்லர் லாரி ஓட்டி ஒரு விளக்கைக்கூட உடைத்ததில்லை. இப்படிப்பட்டவர்களைத்தான் அரசாங்கத்துக்கு மிகவும் பிடிக்கும். நில் என்றால் நிற்பார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. வண்டியில் குளியலறையில் பதிக்கும் ஓடுகள், ஏற்றிய இடத்திலேயே கதவுக்கு முத்திரை வைத்தாகிவிட்டது. காலை ஐந்து மணிக்குச் சரக்குக் கிடங்கில் எடை போட்டபோது முன் அச்சு ஆறாயிரத்து நூற்றெண்பது கிலோ காட்டியது. சட்டப்படி ஆறாயிரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நிதானம் பதறவில்லை. ட்ரெய்லரின் கழுத்தைத் தாங்கிப் பிடிக்க லாரியின் முதுகில் ஓர் இரும்புத் தட்டு இருக்கும். அதை ஓட்டை ஓட்டையாக முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஒரு ஓட்டை பின்னால் தள்ளினால் முன் அச்சிலிருந்து நூறு கிலோ பின் அச்சுகளுக்குப் போய்விடும். ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்து, தட்டின் பூட்டை விடுவித்து, லாரியை ஒரு சாண் முன்னால் எடுத்தால் முடிந்தது. பத்து நிமிட வேலை. இரண்டு ஓட்டை தள்ளினார். முன் அச்சு ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. பின் அச்சுகளும் வரம்புக்குள். சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அவசரம் இருந்தது. வீட்டில் மனைவி எட்டு மாதம். வயிற்றுப் பிள்ளைக்கு எடை ஏறவில்லை, இனியும் உள்ளே விட்டு வைப்பது நல்லதில்லை என்று வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷனுக்கு டாக்டர் நாள் குறித்திருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை ஏழாம் மாதத்தில் பிறந்து, ஒரு நாள் இருந்து, போய்விட்டது. அப்போது நிதானம் தொள்ளாயிரம் கிலோமீட்டர் தள்ளி வண்டியில் இருந்தார். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "இந்தத் தடவ நான் பக்கத்துலயே இருப்பேன்" என்று இவராகத்தான் வாக்குக் கொடுத்தார். செவ்வாய் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்பது கணக்கு.

வழியில் அந்த எடை நிலையத்தில் நிறுத்தினார்கள். எடை மேடை என்பது சாலையில் பதித்த ஒரு இரும்புப் பலகை. முன் சக்கரங்களை அதன்மேல் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பிரேக்கை விட வேண்டும். நிதானம் அப்படியே செய்தார். அப்போது பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு, கையில் அட்டையோடு, மெலிந்த மனிதர் ஒருவர் ஏறி இருக்கையில் உட்கார்ந்தார்.

"நீங்க யாரு சார்?"

"சாட்சி" என்றார் அவர். "எடை போடும்போது டிரைவர் ஏதும் தில்லுமுல்லு பண்ணாம இருக்காரான்னு பக்கத்துல இருந்து பாக்கணும். மூச்சு மட்டும் விடுங்க."

கண்ணாடி அறையிலிருந்து ஒலிபெருக்கி பேசியது. "முன் அச்சு ஆறாயிரத்து நாற்பது. நாற்பது கிலோ அதிகம். திடலுக்கு எடுங்க."

நிதானம் சட்டைப் பையிலிருந்த சீட்டைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். இரண்டு தடவை நிதானித்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க எடை எவ்வளவு?"

சாட்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அறுபது" என்றார் மெதுவாக.

நிலைய அதிகாரியின் அறையில் கண்ணாடி போட்ட மேசை இருந்தது. சுவரில் 'இன்று பிடிபட்டவை' என்று ஒரு பலகை. அதிகாரி அதில் எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதிவிட்டுத்தான் உட்கார்ந்தார். நிதானத்தின் உரிமத்தை வாங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். சீட்டைக் காட்டி நிதானம் விஷயத்தைச் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். இதே விஷயத்தைப் பலபேர் சொல்லிக் கேட்டவருக்கு வருகிற பொறுமை அது.

"சாட்சியோட எடைய சேர்த்திருக்கோம்னு சொல்றீங்களா?"

"ஆமா சார். அத மட்டும் கழிச்சிட்டா இருபது கிலோ குறைவாவே இருக்கு."

அதிகாரி விதிப்புத்தகத்தைத் திறந்தார். புரட்டவே வேண்டியிருக்கவில்லை, புத்தகம் அந்தப் பக்கத்தில் தானாகவே விரிந்தது. "விதி நாற்பத்திரண்டு. கடமையிலிருக்கும் சாட்சியின் எடை கணக்கில் கொள்ளப்படாது. படிச்சீங்களா?"

"அதத்தான் சார் நானும் சொல்றேன். கழிச்சிடுங்க."

"கழிச்சா கணக்குல எடுத்த மாதிரி ஆயிடுமே!" அதிகாரிக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "கணக்குலயே எடுக்காத ஒண்ண எதுலேர்ந்து கழிக்கிறது? சட்டத்தோட பார்வையில அவருக்கு எடையே இல்ல. அந்த இருக்கையில அவர் உக்காந்திருந்தாரு, ஆனா அங்க பாரம் இல்ல. பாரம் காட்டுதுன்னா அது உங்க வண்டியோடதுதான்."

"அப்போ ஒரு பத்து நிமிஷம் குடுங்க. தட்ட இன்னொரு ஓட்டை பின்னால தள்ளிடுறேன். நீங்க சொல்ற கணக்குக்கே சரியா வந்துடும்."

"எடை போட்டப்புறம் வண்டியில கை வெச்சா அது தடயத்தக் கலைக்கிற குற்றம். இப்ப உங்க வண்டி வண்டி இல்ல, தடயம்." அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். போன வருஷம் நம்ம சாட்சி ஒரு வாரம் லீவுல போனாரு. தனி அனுமதி வாங்கி, சாட்சி இல்லாமலே எடை போட்டோம். அந்த வாரம் ஒரு வண்டிகூடப் பிடிபடல. ஏன்னு நினைக்கிறீங்க?"

நிதானத்துக்குப் பதில் தெரிந்திருந்தது.

"டிரைவருங்க எல்லாரும் திருந்திட்டாங்க! அவர் திரும்பி வந்த அன்னிக்கே மறுபடியும் கெட்டுப் போயிட்டாங்க. மனுஷ மனசு அப்படி. மேல்முறையீடு பண்றீங்களா?"

வண்டியை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போனால் என்ன ஆகும் என்று நிதானம் கேட்டுப் பார்த்தார். தடயத்தைக் கைவிட்டு ஓடிய குற்றத்துக்கு உரிமம் ஆயுளுக்கும் ரத்து. பதினெட்டு வருடமாகத் தெரிந்த ஒரே தொழில். மேல்முறையீட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார். தடுத்து வைக்கப்பட்ட வண்டியில் விதிப்புத்தகம் நான்கு தொகுதியும் இருக்க வேண்டுமென்று ஒரு விதி இருந்ததால், அவற்றைக் கட்டித் தூக்கிக் கொடுத்தார்கள். வண்டியில் வைத்துவிட்டு, சக்கரத்துக்குச் சங்கிலி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டு பதினொரு கிலோ இருக்கும் என்று கை சொன்னது. தூக்கிப் பழகிய கை, பொய் சொல்லாது.

சாயங்காலம் மனைவி போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"எடை மேடையில புடிச்சிட்டாங்க. நாற்பது கிலோ கூடவாம்."

அவள் சிரித்தாள். "எனக்குந்தான் பத்து கிலோ கூட. என்னை யாரும் நிறுத்தி வைக்கல." பிறகு, "நாளைக்கு வந்துடுவீங்கல்ல?" என்றாள்.

"வந்துடுவேன்."

மறுநாள் காலை முதல் மேல்முறையீடு. சங்கிலியைக் கழற்றி வண்டியை மறுபடி மேடைக்கு எடுக்கச் சொன்னார்கள். முதல் சாட்சியின் வேலை சரியா என்று பார்க்க மூத்த சாட்சி ஒருவர் வந்தார். பதவி உயர உயர உடம்பும் உயரும் இலாகா போலிருக்கிறது. ஆள் தொண்ணூற்றைந்து கிலோவுக்குக் குறையாது. அவர் இருக்கையில் உட்கார்ந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முதல் சாட்சியும் இருந்தாக வேண்டும் என்பதால் மெலிந்தவர் பின்னால் ஓட்டுநர் தூங்கும் படுக்கைப் பலகையில் ஒடுங்கிக்கொண்டார். நிதானம் பிரேக்கை விட்டார். மேலே தலைக்கு நேராக இருந்த கைப்பிடியை மெலிந்த சாட்சி இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தொங்குவதை அவர் கண்ணாடியில் பார்த்தார். பாவம், மனிதர் தன்னால் ஆனதைச் செய்தார். லாரிக்குள்ளே தொங்கினாலும் பாரம் லாரியின் மேல்தான்.

"முன் அச்சு ஆறாயிரத்து நூற்று நாற்பத்தாறு" என்றது ஒலிபெருக்கி. "நூற்று நாற்பத்தாறு கிலோ அதிகம்."

மூத்த சாட்சி இறங்கி நின்று மூச்சு வாங்கினார். பிறகு நிதானத்தை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து நாற்பது. இன்னிக்கு நூத்து நாற்பத்தாறு. சங்கிலி போட்டு வெச்சும் உள்ள எதையோ ஏத்திருக்கீங்க. எப்படி ஏத்தினீங்கன்னுதான் புரியல."

"நீங்க ரெண்டு பேரு, நாலு புத்தகம் சார்."

"நான் முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன். எவ்வளவோ வண்டியில ஏறி இறங்கிருக்கேன். என்னால ஒரு வண்டி பாரம் கூடுச்சுன்னு யாரும் எழுதினதில்ல. பிடிபட்ட வண்டியோட குறிப்ப எல்லாம் எழுதினதே நான்தான், எனக்குத் தெரியாதா?"

நிதானத்துக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. அவரும் எதிர்பார்த்துக் காத்திருந்தார். வரவில்லை. வெகுநேரம் ஒரே பக்கமாகப் படுத்தால் கை மரத்துப்போகுமே, அதுபோல உள்ளே எங்கோ மரத்துக் கிடந்தது. கிள்ளிப் பார்த்தாலும் வேறு யாரையோ கிள்ளியது போலத்தான் இருக்கும் என்று தோன்றியது. இரண்டாம் மேல்முறையீட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு அமர்வு என்றார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்தது திங்கள்.

மத்தியானம் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக அக்கா போன் செய்தாள். அக்கா என்றால் நிதானத்தின் கூடப்பிறந்த மூத்தவள். பேச்சில் நிதானம் என்பதே அவளிடம் கிடையாது.

"எங்கடா இருக்க? இவ ஒண்ணும் கேக்க மாட்டேங்குறா. கதவையே பாத்துட்டுப் படுத்திருக்கா. அதுக்கு அவ நாலு வார்த்தை திட்டினாக்கூடத் தேவல."

"நாளைக்கு ஒன்பதரைக்கு முடிஞ்சிடும்கா."

"பத்து மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்கடா!"

அக்கா வைத்துவிட்டாள்.

திடலில் மற்ற லாரிக்காரர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வந்தவர்கள் கத்தினார்கள். ஒரு வாரமானவர்கள் சட்டம் பேசினார்கள். ஒரு மாதமானவர்கள் பேசாமல் துணி துவைத்துக் காயப்போட்டார்கள். நிதானம் ஒவ்வொருவரையும் கேட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் முதல் நாள் கூடுதல் முப்பதிலிருந்து அறுபது கிலோவுக்குள்தான். அறுபதைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை.

சாயங்காலம் மெலிந்த சாட்சி இரண்டு டீயோடு வந்தார். ஒன்றை நிதானத்திடம் கொடுத்துவிட்டு, படியில் உட்கார்ந்தார்.

"மத்தியானம் நான் சாப்பிடல" என்றார். "நாளைக்கும் சாப்பிடாம வரேன். ஒரு கிலோவாவது குறையும்."

"எதுக்கு சார் உங்களுக்கு இந்தப் பாடு? உங்களுக்கு எடை இருக்குன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்களேன்."

"எழுதிக் குடுத்தேன். ஏழு வருஷம் முன்னால." அவர் டீயை ஊதினார். "கூப்பிட்டு வெச்சுக் கேட்டாங்க. எடை இருக்கிற ஆள் சாட்சியா இருக்க முடியாது, அப்படின்னா உங்களுக்கு வேலை இல்லன்னாங்க. எனக்கு ரெண்டு பசங்க. எடை இல்லன்னு திருத்திக் குடுத்துட்டேன். இப்போ பழகிருச்சு தம்பி. வீட்டுலயும் அப்படித்தான். நான் உள்ள வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. என் சம்சாரம் ஒருநாள் நான் உக்காந்திருக்கிற நாற்காலிமேல துணிய மடிச்சு வெச்சுட்டா."

நிதானத்துக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை. டீ மட்டும் சூடாக இருந்தது. அன்று அவர் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலை அமர்வு கூடியது. தலைமை தாங்க மேல்முறையீட்டு அதிகாரியம்மா ஒருவர் வந்திருந்தார். கூடவே ஒரு குமாஸ்தா, கைகொள்ளாத கோப்புக் கட்டோடு. எடை மேடையின் பக்கத்தில் ஒரு மேசையும் தண்ணீர்ப் பாட்டிலும் வைத்திருந்தார்கள். மணி ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டியது, அம்மாவின் உரையால் ஒன்பதே முக்காலைத் தாண்டியது.

"நீதின்னா அது நாலு பேர் பாக்க நடக்கணும்" என்றார் அம்மா. "அதனாலதான் ஒவ்வொரு மேல்முறையீட்டுக்கும் சாட்சிகள அதிகப்படுத்திக்கிட்டே போறோம். முதல்ல ஒருத்தர், அப்புறம் ரெண்டு பேர், இன்னிக்கு நாலு பேர். ஒரு சாதாரண டிரைவருக்கு இந்த நாட்டுல எவ்வளவு பாதுகாப்பு பாருங்க. மூணாவது மேல்முறையீட்டுக்கு ஏழு பேர். ஆனா இதுவரைக்கும் யாரும் அதுவரைக்கும் போனதில்ல. நம்ம தீர்ப்புல மக்களுக்கு அவ்வளவு திருப்தி."

"அம்மா, பத்து மணிக்கு என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன்" என்றார் நிதானம்.

"வாழ்த்துகள்" என்றார் அம்மா.

நான்கு பேரும் ஏறினார்கள். அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்தார். மூத்த சாட்சியும் மெலிந்த சாட்சியும் படுக்கைப் பலகையில் நெருக்கிக்கொண்டார்கள். குமாஸ்தா இடமில்லாமல், இருக்கைகளுக்கு நடுவே விதிப்புத்தகங்களின் மேல் உட்கார்ந்து, கோப்புக் கட்டை மடியில் வைத்துக்கொண்டார். இந்த அமர்வுக்கென்று தனி விதி இருந்தது. மூன்று நிமிடம் யாரும் அசையக் கூடாது. அசைந்தால் எடை செல்லாது, திங்கட்கிழமை மறுபடியும் முதலிலிருந்து. நிதானம் பிரேக்கை விட்டார். ஐந்து பேரும் கல்லாக உட்கார்ந்தார்கள்.

முதல் நிமிடம் முடிவதற்குள் நிதானத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது.

அவர் கை ஸ்டியரிங்கின் மேல் இருந்தது. பைக்கும் கைக்கும் ஒரு சாண் தூரம். அம்மா கண்ணை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தார். போன் சட்டைக்குள் துடித்தது. எடுத்தால் திங்கட்கிழமை. எடுக்காவிட்டால், மனைவி உள்ளே போகும் முன் கேட்க நினைத்த குரல் கேட்காமல் போகும். நிதானம் வாழ்நாளெல்லாம் பழகியதைச் செய்தார். நில் என்றார்கள், நின்றார். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அதுவும் ஓய்ந்தது. மூன்றாம் தடவை அடிக்கவில்லை. பின்னால் மெலிந்த சாட்சி விசும்புவது கேட்டது. ஆனால் அவர் அசையவில்லை.

"முன் அச்சு ஆறாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு" என்றது ஒலிபெருக்கி.

நிதானம் மனதுக்குள் கூட்டினார். அம்மா எண்பது, குமாஸ்தாவும் கட்டும் தொண்ணூறு, சாட்சிகள், புத்தகம். வரம்புக்கு மேல் முந்நூற்றுப் பதினாறு வர வேண்டும். இரண்டு கிலோ குறைகிறது. மெலிந்த சாட்சி ஒரு கிலோ. இன்னொன்று தன்னுடையதாக இருக்கும்.

இறங்கி நின்று போன் செய்தார். நான்கு தடவை யாரும் எடுக்கவில்லை, ஐந்தாவது தடவைதான் அக்கா எடுத்தாள். மணி பத்தரை ஆகியிருந்தது.

"பொறந்துருச்சுடா. பொண்ணு." அக்கா திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது. "ஒரு கிலோ எண்ணூறு. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க."

"அவ?"

"மயக்கத்துல இருக்கா. உள்ள போறப்போ உங்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னா. ரெண்டு தடவ அடிச்சேன்."

"தெரியும்கா" என்றார் நிதானம்.

தீர்ப்பை அம்மா மேசையருகே நின்றுகொண்டே வாசித்தார். "சாட்சிகளுக்கு எடை இல்லை என்பது சட்டம். சரக்குக்கு முத்திரை இருக்கிறது, அது மாறாது. வண்டி இரும்பு, அதுவும் மாறாது. ஆக, இந்த முன் அச்சில் மாறக்கூடிய ஒரே பொருள் ஓட்டுநர். மூன்று நாளில் முந்நூற்றுப் பதினான்கு கிலோ கூடியதற்கு அவரே பொறுப்பு. எனவே ஓட்டுநர் இந்த வண்டியிலிருந்து அகற்றப்படுகிறார். அவர் அகற்றப்பட்டதும் வண்டி சரியான எடையில் இருப்பதாகக் கருதப்படும். வண்டி விடுவிக்கப்படுகிறது. அதில் எந்த ஓட்டுநரும் ஏறக் கூடாது." காகிதத்தை மடித்துவிட்டு நிதானத்தைப் பார்த்து அன்பாகப் புன்னகைத்தார். "உங்க வண்டி ஜெயிச்சிருச்சு."

நிலைய அதிகாரி இழுப்பறையைத் திறந்து உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். இனி இவர் எந்தத் தடயத்துக்கும் ஓட்டுநர் இல்லையே. பிறகு எழுந்து போய், பலகையில் 'தீர்க்கப்பட்டவை' என்பதற்கு எதிரே முதன்முதலாக ஒன்று என்று எழுதினார். குமாஸ்தா கை தட்டினார். நிதானம் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். நெடுஞ்சாலையில் வந்த முதல் பஸ்ஸில் ஏறினார். நேற்றே இப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம் என்ற எண்ணம்கூடப் பாதி வழியில்தான் வந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மனைவி விழித்திருந்தாள். கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா" என்றாள். "எடை சரியாயிடுச்சா?"

"நான் இறங்கினதும் சரியாயிடுச்சு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும். சொல்லும் இடமும் மரத்துக் கிடந்தது.

அடுத்த நாட்கள் கண்ணாடிக்கு வெளியே கழிந்தன. தினமும் காலையில் ஒரு நர்ஸ் வந்து குழந்தையின் எடையைச் சொல்வாள். ஆயிரத்து எண்ணூறு. ஆயிரத்து எழுநூற்று அறுபது. ஆயிரத்து எழுநூற்று இருபது. முதல் சில நாள் இறங்கத்தான் செய்யும் என்றார் டாக்டர். அப்புறம் ஏற வேண்டும், ஏறினால்தான் நம்பிக்கை. ஐந்தாம் நாளும் அதே ஆயிரத்து எழுநூற்று இருபது. ஆறாம் நாளும் அதே. மனைவி பேசுவதை நிறுத்திவிட்டாள். மூன்று வருடத்துக்கு முந்திய அந்த ஒரு நாளைத்தான் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழாம் நாள் மெலிந்த சாட்சி போன் செய்தார். வண்டி இன்னும் மேடைக்குப் பக்கத்திலேயே நிற்கிறதாம். எந்த ஓட்டுநரும் ஏறக் கூடாது என்பதால் முதலாளி அதை இழுத்துப்போக ஒரு கிரேன் வண்டியை அனுப்பினாராம். கிரேன் வண்டியின் முன் அச்சில் ஐம்பது கிலோ அதிகமாம். "அதுலயும் நான்தான் ஏறினேன்" என்றார். பிறகு, "கொழந்த எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டார். தெரியவில்லை என்றார் நிதானம்.

எட்டாம் நாள் காலை முதன்முதலாக அவரை உள்ளே விட்டார்கள். கையைக் கழுவி, நீல அங்கி மாட்டிக்கொண்டு, எடைக் கருவி பக்கத்தில் நின்றார். நர்ஸ் முதலில் ஒரு துணியை மட்டும் தட்டில் விரித்து, எண் நிற்கும்வரை காத்திருந்து, குறித்துக்கொண்டாள். அப்புறம் குழந்தையைத் தூக்கி அதன்மேல் கிடத்தினாள். உள்ளங்கை அகலத்துக்கு மேல் இல்லாத முதுகு. கால் விரல்கள் மிளகளவு. நிதானம் தன்னை அறியாமல் கையை நீட்டி, ஒரு விரலால் அந்தக் காலைத் தொட்டார்.

"கைய எடுங்கண்ணா" என்றாள் நர்ஸ். "உங்க எடையும் சேந்துரும்."

சுட்டதுபோல் கையை எடுத்தார். நர்ஸ் எண்ணைப் பார்த்து எழுதினாள், கீழே ஒரு கோடு போட்டுக் கழித்தாள்.

"என்ன கழிச்சீங்க?" என்றார் நிதானம். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"துணியோட எடைய."

"அத... கழிக்கணுமா?"

"பின்ன? துணி கொழந்த இல்லையேண்ணா." நர்ஸுக்கு இந்தக் கேள்வியே விளங்கவில்லை. "நாற்பது கிராம் கூடியிருக்கு."

"கூடியிருக்கா? கூடினா ஒண்ணும்..."

"கூடணும்னுதான எல்லாரும் காத்திருக்கோம்!"

நிதானம் எடைக் கருவியின் ஓரத்தைப் பிடிக்கப் போய், பிடிக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கோபம் வர வேண்டிய இடத்திலெல்லாம் வராதது, சிரிப்பு வர வேண்டிய இடத்திலெல்லாம் வராதது, அந்த மூன்று நிமிடம் அசையாமல் இருந்தது, எல்லாம் சேர்ந்து ஒரே அழுகையாக வந்தது. மரத்துப்போன கைக்கு ரத்தம் திரும்பும்போது வலிக்குமே, அப்படி வலித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி எழுந்து நின்று, பதறிப்போய், உள்ளே பார்த்தாள்.

நர்ஸ் பயந்துவிட்டாள். இவருக்குக் கணக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தாள் போலிருக்கிறது. குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக, இன்னொரு தடவை சொன்னாள். "நாற்பது கிராம்ணா. துணியக் கழிச்சது போக. சுத்தமா நாற்பது கிராம் கூடியிருக்கு."